உடைந்த தகடுகளில் ஒளிந்திருந்த சூரியன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டதை அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம்.

இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்-1 அளக்கும் சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்தில், கொஞ்சத்தைப் பூமிக்கே கொண்டுவர இயலாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆதித்யா திரும்பி வரும் கலம் அன்று. ஆனால் அதே எல்-1 பகுதியில், அதாவது பூமியிலிருந்து சூரியனின் திசையில் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், நாசாவின் ஜெனிசிஸ் கலம் 2001 டிசம்பரிலிருந்து 2004 ஏப்ரல் வரை அந்தப் பணியைச் செய்திருக்கிறது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் டான் பர்னெட் அதன் முதன்மை ஆய்வாளர்.

சிலிக்கான், சபையர், தங்கம் முதலிய மிகத் தூய பொருள்களால் ஆன, உள்ளங்கையளவு அறுகோணத் தகடுகளை விரித்து வைத்ததுதான் அதன் வேலை. நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அணுக்கருக்கள் தகட்டின் மேற்பரப்பைத் துளைத்து, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் புதைந்துவிடும். வேகக் காற்று, மந்தக் காற்று, சூரிய வெடிப்பில் வீசியெறியப்படும் பொருள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தகட்டு வரிசைகள் இருந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் தடிமனை வேறுபடுத்தியிருந்தார்கள்.

2004 செப்டம்பர் 8 அன்று, தகடுகளைச் சுமந்து பாராசூட்டில் மெல்ல இறங்க வேண்டிய பெட்டகத்தை வானிலேயே கொக்கியிட்டுப் பிடிப்பதற்காக அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தின் மேல் ஹெலிகாப்டர்கள் காத்திருந்தன. வேகம் குறைவதை உணர்ந்து பாராசூட்டை விரிக்கச் செய்ய வேண்டிய உணரிகள் வடிவமைப்பிலேயே தலைகீழாக அமைந்துவிட்டதால் பாராசூட் விரியவில்லை. பெட்டகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஈரமண்ணில் மோதிப் பாதி புதைந்தது. தகடுகளில் பெரும்பாலானவை சுக்குநூறாயின.

ஆயினும் ஆய்வு பிழைத்தது. எந்தத் துண்டு எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதை அதன் தடிமனை அளந்தே கண்டுகொண்டார்கள். யூட்டாவின் மண் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருந்தது. சூரியனின் அணுக்களோ அதற்கு அடியில் பத்திரமாக இருந்தன. மேலே இருந்ததை மீத்தூய நீரால் கழுவி நீக்கிவிட்டு உள்ளே இருப்பதை அளக்க வேண்டும். சொல்வது எளிது, அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மின்புலத்தால் அணுக்கருக்களைக் குவித்துச் சேகரித்த சிறு இலக்கின் நான்கு கால்பகுதிகளில் மூன்று உடையாமல் கிடைத்தது பெரும்பேறு என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஆக்சிஜன் அளவீடு அதை நம்பியே இருந்தது.

அந்த அளவீட்டின் முடிவு 2011இல் வெளியானது. பூமியோடு ஒப்பிடும்போது சூரியனில் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) இரண்டும் சுமார் 6 விழுக்காடு குறைவு. நைட்ரஜனில் வேறுபாடு இன்னும் அதிகம்: கனமான ஐசோடோப்பான நைட்ரஜன்-15இன் விகிதம் நம் காற்றில் உள்ளதைவிடச் சூரியனில் 40 விழுக்காடு குறைவு. சூரியனும் பூமியும் ஒரே வாயு-தூசு முகிலில் பிறந்தவை என்றால், பாறைக் கோள்களுக்கான தூசு திரள்வதற்குள் அந்தத் தூசின் ஆக்சிஜன் மாறியது எப்படி? இளஞ்சூரியனின் புறஊதா ஒளி கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை உடைக்கும்போது ஐசோடோப்புகள் தரம்பிரிந்திருக்கலாம் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நீங்கள் வேதியியல் கற்பித்தவர். இதில் உங்களுக்கு உடன்பாடு உண்டா என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்