கட்டை வைத்த தொட்டியில் தண்ணீர் பழுப்பானால்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மீன் தொட்டிக்குள் அழகுக்கு வைக்கும் மரக்கட்டையை நம் கடையில் வாங்கிப் போகிறவர்களில் பலர் அடுத்த சில நாட்களிலேயே போன் செய்கிறீர்கள். "தண்ணி டீ கலருக்கு மாறிடுச்சுங்க, மீனுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்பதுதான் கேள்வி. கேட்டுவிட்டுச் செய்கிறவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கேட்காமலே மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டி, அடியில் கிடக்கும் கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் அலசிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஓரிரண்டு செத்தும் போகும். பழி கட்டையின் மேல் விழும். ஆனால் நிறம் மீனைக் கொல்லவில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா, பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கிறது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசியதும் அது போய்விடுகிறது. மீன் சாவது அதனால்தான். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முக்கியக் காரணமும் அதுதான்.

அந்த நிறம் டானின். தேயிலையிலும் கடுக்காயிலும் மரப்பட்டையிலும் இருக்கிற துவர்ப்புப் பொருள்தான் அது. தண்ணீரில் ஊறுகிற மரத்திலிருந்து டானினும், அதோடு ஹியூமிக் அமிலம் போன்றவையும் மெல்லக் கரைந்து வெளியே வரும். இது அழுக்கு இல்லை. தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆற்றுத் தண்ணீர், மக்கிய இலையும் மரமும் ஊறி, கடுந்தேநீர் நிறத்தில்தான் ஓடுகிறது. நீங்கள் ஆசையாக வாங்கும் கார்டினல் டெட்ரா அந்த ஆற்றுப் படுகையின் மீன். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் பாதாம் மரத்தின் காய்ந்த இலையைப் போடுவதும் இதே சாறு இறங்கட்டும் என்றுதான். ஆகவே டெட்ரா, ஃபைட்டர், டிஸ்கஸ், ஏஞ்சல் வளர்க்கிறவர்கள் லேசான பழுப்பைப் பார்த்து மனம் நோக வேண்டாம். அந்த மீன்களுக்கு அது ஊர்த் தண்ணீர்.

ஆனால் எல்லாப் பழுப்பும் டானின் இல்லை. வெள்ளை டம்ளர் ஒன்றில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் இருந்தாலும் டம்ளரின் அடி தெளிவாகத் தெரிந்தால் அது கட்டையின் சாறு. பால் கலந்ததுபோல மங்கலாக இருந்தால் அது பாக்டீரியாப் பெருக்கம். புதுத் தொட்டியிலும், தீனி அதிகமாகப் போட்ட தொட்டியிலும் வரும். அழுகிய முட்டை வாடை அடித்தால் கட்டையின் உள்ளே எங்கோ மக்குகிறது. அதை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

சரி, நிறமே வேண்டாம் என்பவர்கள் என்ன செய்வது? தொட்டியில் இறங்கப்போகிற சாற்றை முன்கூட்டியே பக்கெட்டில் இறக்கிவிடுவதுதான் வழி.

கட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனதும் கெட்டியான பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு, பாத்திரம் விளக்கும் பவுடர் எதுவும் கூடாது. மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு தொட்டியில் கக்கும். ப்ளீச்சிங் பவுடரையும் இதே காரணத்துக்காக வேண்டாம் என்கிறோம். இடுக்குகளில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல உள்ளே இறங்கும் இடத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டையையும் உரித்துவிடுங்கள். பட்டையில்தான் சாறு அதிகம், முதலில் அழுகுவதும் அதுதான்.

அடுத்தது கொதிக்க வைப்பது. அண்டாவுக்குள் அடங்குகிற கட்டை என்றால், முழுவதும் மூழ்கும்படி தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை கொதிக்கட்டும். முதல் தண்ணீர் கறுப்பாகவே இறங்கும், பார்க்கவே பயமாக இருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி கொதிக்க விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நாள்கணக்கில் இறங்கும் சாறு சூட்டில் வேகமாக இறங்கிவிடும். மரத்தில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்தும் பூச்சி முட்டையும் போய்விடும். அதற்காக நாள் முழுக்க அடுப்பில் வைத்தால் மரம் நைந்துவிடும், தொட்டியில் சீக்கிரம் மக்கும். சமையலுக்குப் புழங்கும் பாத்திரம் வேண்டாம், கறை ஏறினால் போகாது. பிரஷர் குக்கரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மரத் துணுக்கு போய் வெயிட் துளையை அடைத்தால் பெரிய ஆபத்து.

அண்டாவுக்குள் அடங்காத பெரிய கட்டையை டிரம்மில் நிற்க வைத்து, கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி, அப்படியே ஊற விடுங்கள். ஒரு வாரமும் ஆகலாம், சில கட்டைகளுக்கு ஒரு மாதமும் போதாது. மோப்பானி என்று விற்கும் இருநிற ஆப்பிரிக்கக் கட்டையும், மலேஷியன் கட்டையும் கனமானவை, நல்ல அழகு, ஆனால் சாறு இறங்குவது நிற்கவே நிற்காது என்று தோன்றும். ஸ்பைடர் வுட் என்ற கிளைக் கட்டையில் நிறம் குறைவு. பதிலுக்கு அது மிதக்கும். தினமும், முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது, தண்ணீரை மாற்றுங்கள். பக்கெட்டை எப்போதும் மூடி வையுங்கள். சென்னையில் திறந்து கிடக்கும் நல்ல தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எப்போது போதும்? ஒரு இரவு, ஒரு பகல் ஊறிய பிறகு அந்தத் தண்ணீரை அதே வெள்ளை டம்ளரில் எடுங்கள். எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிட்டால் தொட்டியில் வைக்கலாம். ஒரு துளி நிறமும் வராத நாளுக்காகக் காத்திருந்தால் கட்டை பக்கெட்டிலேயே கிடக்கும். புதுத் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு யோசனை: மீன் விடுவதற்கு முன் தொட்டி பழக, அதாவது நல்ல பாக்டீரியா குடியேற, எப்படியும் சில வாரம் ஆகும். தொட்டி வாங்கும் முன்பே கட்டையை வாங்கி ஊறப் போட்டுவிடுங்கள்.

மிதக்கும் கட்டைக்கு மேலே ஒரு கல்லை வைத்து அழுத்தலாம், அல்லது தட்டையான கருங்கல் துண்டில் நைலான் தூண்டில் நரம்பால் கட்டலாம். இரும்பு ஆணி துருப்பிடிக்கும். செம்புக் கம்பி கூடவே கூடாது, செம்பு இறாலைக் கொன்றுவிடும்.

வைத்த பிறகும் கொஞ்சம் நிறம் இறங்கத்தான் செய்யும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினாலே படிப்படியாகக் குறையும். அவசரம் என்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நிறத்தை உறிஞ்சும் கரி, போடுங்கள். கரித்தூள் போகும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். சில வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும், மாற்றியாக வேண்டும். தொட்டியில் மருந்து விடும் நாட்களில் கார்பனை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தையும் அது இழுத்துக்கொள்ளும். மீன் தொட்டியில் செடியும் வளர்க்கிறவர்கள்தான் இந்த வேலையில் அதிகம் மெனக்கெட வேண்டும். பழுப்பு நிறம் வெளிச்சத்தைத் தடுக்கும், தரையோடு வளரும் செடி திணறும். கட்டையில் கட்டி வளர்க்கும் அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் குறைந்த வெளிச்சமே போதும்.

முதல் சில வாரத்தில் கட்டையின்மேல் வெள்ளையாக, சளிபோலப் படரும். அதைப் பார்த்துவிட்டும் நிறைய போன் வரும். மரத்தில் மிச்சமிருக்கும் சத்தைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. மீனுக்குக் கெடுதல் இல்லை. இறாலும் நத்தையும் விரும்பித் தின்னும். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் மாற்றும் அன்று பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சத்து தீர்ந்ததும் தானே நின்றுவிடும்.

கட்டை தண்ணீரை அமிலமாக்கும் என்று படித்துவிட்டு பயப்படுகிறவர்களும் உண்டு. அது உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பொறுத்தது. சென்னையின் பெரும்பாலான போர் தண்ணீர் கடினமானது. அதில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தைச் சமாளித்துவிடும், பி.ஹெச். என்னும் அமில-கார அளவு அவ்வளவாக அசையாது. கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ மட்டும் ஊற்றுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அதில் தாங்கும் உப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால் அதே கட்டை பி.ஹெச்.சை மளமளவென்று இறக்கிவிடலாம். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனான மலாவி சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு நாங்கள் கட்டையே விற்பதில்லை. அவற்றுக்குக் கடினத் தண்ணீரும் பாறையும்தான் சரி.

கடற்கரையிலும் ஆற்றோரத்திலும் கிடக்கும் கட்டையை எடுத்து வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். எங்கள் பதில், வேண்டாம். உப்பு ஏறிய கட்டையைப் பல நாள் ஊற வைத்து உப்பை எடுத்துவிடலாம், ஆனால் அது பெயிண்டும் டீசலும் ஊறிய படகுப் பலகையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அரளி, கள்ளி போன்ற பால் வடியும் மரங்களும், வெட்டிய ஈரம் காயாத எந்த மரமும் தொட்டிக்கு ஆகாது. வீட்டு மரம்தான் வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்து பட்டை உரித்த கொய்யாக் கிளை பரவாயில்லை.

இனி கட்டை வாங்க வரும்போது தொட்டியின் அளவையும், ஊற்றுவது போர் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா, கேனா என்பதையும் சொல்லுங்கள். அதற்கேற்ற கட்டையை எடுத்துக் கொடுப்போம். வீட்டில் ஊற வைக்க இடமில்லாதவர்கள் கட்டையைத் தேர்ந்தெடுத்துப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். கடையின் பின்பக்கத் தொட்டியில் நாங்களே ஊறப் போட்டு, டம்ளர் பார்த்து, போன் செய்கிறோம். இதற்குத் தனியாகப் பணம் இல்லை. தண்ணீர் நிறத்தில் சந்தேகம் வந்தால், எதையும் இறைப்பதற்கு முன் ஒரு பாட்டிலில் பிடித்துக் கடைக்கு எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மீன் கடை
கொளத்தூர், சென்னை