கால வரம்பு மனு கவிழும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநருக்கும் (அங்கே அவரும் மக்கள் வாக்கில் வருபவர்) சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் பதவிக்கால வரம்பு கேட்டு மக்களே மனு போடுவதைப் பற்றிப் பேசும்போது, எட்டு ஆண்டா பன்னிரண்டா என்ற கேள்வியே பெரிதாகிவிடுகிறது. போதுமான கையெழுத்து சேர்ந்தால்தான் கேள்வி மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். மனு கவிழும் இடம் வேறு.

வடக்கு டகோட்டாவில் 2022-இல் அரசியலமைப்புத் திருத்த மனுவுக்குத் தேவைப்பட்டவை 31,164 கையெழுத்துகள். மக்கள்தொகையில் 4 சதவீதம். மனு போட்டவர்கள் 46,000-க்கு மேல் கொடுத்தார்கள். மனுக்களைச் சரிபார்க்கும் அதிகாரியான மாநிலச் செயலர் 29,000-க்கு மேல் தள்ளிவிட்டார். அங்கே கையெழுத்து வாங்கியவர், தாம் வாங்கிய தாள்களுக்கு நோட்டரி முன்னிலையில் உறுதிமொழி கொடுத்துக் கையொப்பமிட வேண்டும். ஒரு நோட்டரி சான்றளித்த சில தாள்களில் அந்தக் கையொப்பம் போலி என்று சந்தேகம் வந்ததும், அவர் முத்திரை பட்டதெல்லாம் ஒதுக்கப்பட்டது. அது மட்டும் 15,000-க்கு மேல். மாநில உச்ச நீதிமன்றம் அப்படி மொத்தமாக ஒதுக்கியது தவறு என்று சொன்ன பிறகே கேள்வி வாக்குச்சீட்டில் ஏறி, நவம்பரில் நிறைவேறியது.

தேதி விடுபட்டது, ஒருவரே இருமுறை போட்டது போன்ற கழிவுகளை உபரிக் கையெழுத்து ஈடுகட்டும். ஒரே நோட்டரியிடம் குவித்த தாள்களை ஈடுகட்டாது. பலரிடம் பிரித்துக் கொடுத்து, வாரந்தோறும் உறுதிமொழிப் பகுதியைப் புரட்டிப் பார்ப்பதே பிழைக்கும் வழி.

வாசகத்திலும் கண்ணிகள் உண்டு. ஒரிகன் மக்கள் 1992-இல் நிறைவேற்றிய வரம்பை, தனித்தனியாக வாக்கெடுக்க வேண்டிய மாநிலப் பதவிகளையும் அமெரிக்க நாடாளுமன்றப் பதவிகளையும் ஒரே கேள்வியில் கட்டியதற்காக 2002-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நாடாளுமன்றத்துக்கு மாநிலங்கள் வரம்பு போட முடியாது என்பது 1995-லேயே முடிந்துபோன வழக்கு. ஐடஹோவில் வரம்பு சாதாரணச் சட்டமாகவே இருந்தது. 2002-இல் சட்டமன்றமே அதை நீக்கிவிட்டது. வடக்கு டகோட்டாக்காரர்கள் உஷார்: சட்டமன்றம் இந்தப் பிரிவில் கைவைக்க முன்மொழியக் கூடாது என்று திருத்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

அவைக்கு அவை தனி வரம்பு என்பது என் கணக்கில் மோசமான ஏற்பாடு. மிச்சிகன் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 6, மேலவையான செனட்டில் 8 ஆண்டு என்று 1992-இல் வைத்தார்கள். வேலை பிடிபடும் நேரத்தில் உறுப்பினரின் கண் அடுத்த அவைக்குப் போய்விடும். 2022-இல் இரண்டு அவையும் சேர்த்து 12 என்று மாற்றினார்கள். கூட்டினால் குறைவுதான், ஆனால் ஒரே அவையில் முழுக்க இருக்கலாம்.

வரம்பு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்ற வரியையும் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். வடக்கு டகோட்டாவில் 2023 ஜனவரிக்கு முந்தைய காலம் கணக்கில் வராது. இருபது ஆண்டு இருந்தவருக்கும் அன்று பூஜ்யம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்