செவ்வாய்க்கிழமை பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள்

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், அங்கன்வாடித் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள் நாள். எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் முறை வரும்வரை பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த டயப்பர் நல்லது, பாட்டில் எத்தனை வாங்குவது, பால் சுரக்காவிட்டால் எந்தப் பவுடர், வலி எப்படி ஆரம்பிக்கும்? ஏழாம் மாதக்காரி மூன்றாம் மாதக்காரிக்குச் சொல்கிறாள், இரண்டாம் பிள்ளைக்காரி தலைப்பிள்ளைக்காரிக்குச் சொல்கிறாள். அந்தப் பேச்சில் பாதி அருமையான அனுபவம். மீதியில் குழந்தைக்கு ஆபத்தானதும் கலந்திருக்கிறது.

அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. அதன் நடுவில் ஒரு மேசை போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். மேசை மேல் தொட்டுப் பார்க்கச் சில பொருள்கள், பக்கத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், ஒரு மணி நேரம். ஒரு துணிப் பொம்மை, காலுறையில் பஞ்சடைத்துச் செய்த மார்பு மாதிரி, எவர்சில்வர் பாலாடை (குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்), வாயகன்ற கிண்ணம், ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச், ஒரு பழைய வேட்டி, ஒரு குல்லா. இவ்வளவு போதும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம். சுவரில் ஒட்டிய படங்கள் சொல்லாத இடங்கள் இவைதான்.

முதலில் அந்த சிரிஞ்ச். அதில் 5 மில்லி தண்ணீர் எடுத்து ஒவ்வொரு பெண்ணின் உள்ளங்கையிலும் விடுங்கள். முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிதான். சீம்பால் சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்து "பாலே இல்லை" என்று வீடே பதறுவது இந்த அளவு தெரியாததால்தான். கண்ணால் பார்த்தவள் பதற மாட்டாள். கூட வந்த மாமியாரும் பதற மாட்டார்.

அடுத்தது சேனை. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ தொட்டு வைப்பது இன்னும் நடக்கிறது. நல்ல குணமுள்ளவர் கையால் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்ற ஆசையை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு உறிஞ்ச முடியாமை, தலை நிற்காமல் தளர்வது, கடைசியில் மூச்சுத் திணறல். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. மலைத்தேன் கலப்படமில்லாதது, அதனால் பயமில்லை என்று பெஞ்சில் சொல்வார்கள். கலப்படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அசல் தேனிலும் வித்து இருக்கும். கழுதைப்பால் பச்சையாகவே புகட்டப்படுவதால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் நேராக உள்ளே போகின்றன. சடங்கை விட மனமில்லாத வீட்டுக்கு ஒரு வழி சொல்லலாம். சேனை வைக்க வந்த ஆயாவோ அம்மாயியோ, தன் கையால் குழந்தையை எடுத்து அம்மாவின் மார்பில் போடட்டும். முதல் ருசி சீம்பாலாக இருக்கட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் இது நடக்க வேண்டும். அறுவை சிகிச்சை ஆனாலும் இது பொருந்தும். முதுகில் மயக்க ஊசி போட்ட தாய் விழித்துத்தான் இருக்கிறாள். திரும்ப முடியாது, அவ்வளவுதான். குழந்தையை மார்பின் குறுக்காகப் போட்டுப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும்.

இனி, மார்பில் போடும் விதம். காம்பு வெடிப்பு, பால் போதாமை, எடை ஏறாமை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. அதனால் மேசையில் அதிக நேரம் இதற்கே ஒதுக்குங்கள். தாய் முதுகு சாய்த்து உட்கார வேண்டும். குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும், குனிந்து மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில், வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி, மூக்கு காம்புக்கு நேராக. காம்பால் மேலுதட்டைத் தடவினால் குழந்தை கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறக்கும். அந்த நொடியில், கீழ்த்தாடை முதலில் படும்படி அணைத்துக்கொள்ள வேண்டும். சரியாகப் பிடித்தால் முகவாய் மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேல்பக்கம் கூடுதலாகத் தெரியும், கீழ்ப்பக்கம் அநேகமாக மறைந்துவிடும். கன்னம் குழிந்தாலோ, சப்புக்கொட்டும் சத்தம் கேட்டாலோ, காம்பு நசுங்கிச் சாய்வாக வெளியே வந்தாலோ பிடி தவறு. அப்போது வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு உறிஞ்சலை விடுவித்துத் திரும்பப் போட வேண்டும். உதவிக்கு நிற்பவர்கள் செய்யும் பெரிய தவறு குழந்தையின் பின்தலையைப் பிடித்து அழுத்துவது. அழுத்தினால் அது வில்லாக வளைந்து விலகும். கை பிடரிக்கும் தோளுக்கும் இடையில் தாங்கினால் போதும்.

மூன்றாம் நாள்தான் பவுடர் டப்பா வீட்டுக்குள் நுழையும் நாள். சீம்பால் மாறிப் பால் பெருகுவது 2 முதல் 4 நாளில். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னும் சற்றுத் தள்ளலாம். இரவில் குழந்தை விடாமல் பால் கேட்கும், எடையும் கொஞ்சம் குறைந்திருக்கும். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது இயல்பு. 10 விழுக்காட்டைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் தராசு வேண்டாம், துணியை எண்ணினால் போதும். முதல் நாள் ஒரு ஈரத்துணி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல். மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். இரவு பகலாக 8 முதல் 12 முறை பால் கொடுத்து, இந்தக் கணக்கும் சரியாக இருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். மார்பு தளர்ந்திருக்கிறதே, பீய்ச்சினால் வரவில்லையே என்பதெல்லாம் கணக்கில் சேராது.

பால் கட்டிக்கொண்டு கருவட்டம் கல்லாகிவிட்டால் குழந்தையால் பிடிக்க முடியாது. விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, மார்புக்கூட்டை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகும். பிறகு கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் குழந்தையைப் போடலாம். பால் குடித்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம். மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்ற வைக்கும் முறை, பால் கொடுக்கப் போகிறவளுக்குச் சொல்லக் கூடாதது. சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

எஸ்டேட்டுக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் ஜவுளிக் கடைக்கும் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்குக் கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுங்கள். விலை கூடிய பம்பு இல்லாமலே முடியும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி. முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோல்மேல் விரலை வழுக்கித் தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பக்கத்துக்கு 3 முதல் 5 நிமிடம், மாறி மாறி 20 நிமிடம். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் அந்தப் பால் 4 மணி நேரம் தாங்கும். ஏற்காட்டில் அது சரி. சேலத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது, உடனே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அங்கே 4 நாள் வரை இருக்கும். கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பீய்ச்சிய பாலைப் புகட்டப் பாலாடை இருக்கும்போது பாட்டில் எதற்கு? பாட்டில் நிப்பிளின் உள்வளைவில் தங்கும் பால் கழுவினாலும் போவதில்லை, கிருமி அங்கேதான் குடியிருக்கும். பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி 10 நிமிடம் கொதிக்க வைத்தால் முடிந்தது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே கொதி வந்ததும் இறக்காமல் அந்த 10 நிமிடத்தை முழுசாக விட வேண்டும். குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்தால் அதுவே நக்கி உறிஞ்சும். படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, சங்கில் ஊற்றிப் புகட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். புரையேறிப் பால் நுரையீரலுக்குப் போவது அப்படித்தான்.

ஏற்காட்டு மலைக்குத் தனியாகச் சிலது சொல்ல வேண்டும். மார்கழி, தை இரவில் நாகலூரிலும் மாரமங்கலத்திலும் பிறந்த குழந்தைக்குக் குளிர்தான் முதல் எதிரி. குளிர்ந்த குழந்தை சோர்ந்துவிடும், பால் குடிக்காது, குடிக்காததால் இன்னும் குளிரும். பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். பாதம் சில்லிட்டு வயிறு சூடாக இருந்தால் இப்போதே போர்த்த வேண்டும். வயிறும் சில்லிட்டிருந்தால் ஆபத்து. பிறந்ததும் குளிப்பாட்டாமல் குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை, குல்லாவும் காலுறையும் டயப்பரும் மட்டும் போட்டு, தாயின் மார்புக் குழியில் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்து வேட்டியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவும். அம்மா அசந்தால் அப்பாவும் கட்டிக்கொள்ளலாம். அடுப்புப் பக்கம் கிடத்துவதும் சாம்பிராணிப் புகை போடுவதும் நுரையீரலுக்குக் கேடு. கீழே சமவெளியில் குழந்தைக்கு 24 இடுப்புத்துணி போதும் என்றால், ஐப்பசி கார்த்திகை மூடுபனியில் துணி காயாது, மலையில் 40 வேண்டும். நைந்த வேட்டித் துணிக்கு ஈடாக எதுவும் இல்லை.

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. உள்கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரவே தனி நேரம். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வலி வரட்டும், அப்புறம் கிளம்பலாம்" என்பது சேலம் நகரத்துக்குள் அஸ்தம்பட்டியில் இருப்பவளுக்குச் சரி. மலைக்காரி 10 நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்கு பிடித்ததுமே 108-ஐ அழைக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, வயிற்றுக்குள் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. முந்தைய பிரசவம் அறுவை சிகிச்சை, இரட்டைப் பிள்ளை, ரத்தசோகை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 37 வாரம் முடிந்ததும் கீழே வந்து தங்க ஒரு அறை வேண்டும். கூட வரும் ஒரு பெண்ணுக்கும் முதல் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பாடு, சமைக்க ஒரு அடுப்பு, இரவில் பூட்டிக்கொள்ளக் கதவு. முதல் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதற்குப் பதில் இல்லாததால்தான் பலர் மலையை விட்டு இறங்குவதில்லை.

வாங்கும் பட்டியலைச் சுருக்குவதும் மேசையின் வேலை. நடைவண்டி போல் உட்கார வைத்துத் தள்ளும் வாக்கர், டால்கம் பவுடர், கண் மை, கிரைப் வாட்டர், தலையணை, பாட்டில் செட் எதுவும் வேண்டாம். கொலுசுக்குப் பேர் போன ஊரில் வெள்ளி போடாதே என்று சொல்ல முடியாது. கழன்று விழும் சலங்கை இல்லாததாக, தூங்கும்போது கழற்றி வைப்பதாக இருக்கட்டும். தூளியில் முகவாய் நெஞ்சில் மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். பச்சைப் பிள்ளைக்கு மேடுபள்ளமில்லாத, கெட்டியான பாயில் மல்லாக்கப் படுக்கைதான் பாதுகாப்பு.

ஆறு மாதம் முடிந்து முதல் உணவுக்கு வரும்போது இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு தவறு காத்திருக்கிறது: ஜவ்வரிசிக் கஞ்சி. அது வெறும் மாவுச்சத்து. வயிறு நிறையும், தசை வளராது, இரும்புச்சத்து கிடைக்காது. ஒரு பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு அரிசி குழைய வேகவைத்து, கீரையோ மசித்த முட்டையோ, ஒரு ஸ்பூன் நெய்யோ சேர்த்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள் சட்டமும் அதன் 2003 திருத்தமும் பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம், இலவச மாதிரி, மருத்துவமனையில் காட்சிக்கு வைப்பது எல்லாவற்றையும் தடை செய்கின்றன. பிரசவ வார்டிலும் மருந்துக் கடையிலும் இதற்காகவே ஒருமுறை நேரில் ஆய்வு நடத்துங்கள். பால் பவுடரைத் தவிர வேறு வழியே இல்லாத குழந்தைகளும் உண்டு. அந்தத் தாயைக் கூச வைக்காமல், தண்ணீர் முதலில், பவுடர் பிறகு, டப்பாவில் உள்ள கரண்டியால் தலைதட்டி, அதில் எழுதிய அளவே என்று தனியாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள். பவுடர் தீராமல் இருக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலக்குவதால்தான் அந்தக் குழந்தைகள் மெலிகின்றன.

2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அரசு திறந்தது. அவற்றில் எது பூட்டிக் கிடந்தாலும் திறக்கச் சொல்லுங்கள். கை வைத்த நாற்காலி, மின்விசிறி, குழாய் மூன்றும் உள்ளே இருக்கட்டும். சாவி யாரிடம் என்று கதவிலேயே எழுதியிருக்கட்டும்.

மேசையை முதலில் ஏற்காடு ஒன்றியத்திலும் சேலம் மாநகராட்சியிலும் தலா ஒரு நிலையத்தில், ஆறு செவ்வாய்க்கிழமை நடத்திப் பாருங்கள். அடுத்த சமுதாய வளைகாப்பிலும் வளையலுக்கும் கலவைச் சாதத்துக்கும் பக்கத்தில் அதே மேசையைப் போடுங்கள். அன்றைக்கு மாமியார்களும் கூட வருவார்கள். பொம்மையையும் காலுறை மார்பையும் நாங்களே தைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் தாய்மார்களோடு வேலை செய்யும் பெண்கள்