விஸ்ரா (உள்ளுறுப்புப் பரிசோதனை) அறிக்கைக்கு முன் தீர்ப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கத்துக்கு மாறான விதத்தில் ஒருவர் இறந்து கிடந்தால், உடல் பிணவறைக்குப் போகும் முன்பே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "ஒருவர் தனக்குத்தானே இப்படிச் செய்துகொள்ள முடியுமா?" என்று ஒரு தரப்பு கேட்கும். "தற்கொலைதான், விடுங்கள்" என்று இன்னொரு தரப்பு முடித்துவிடும். மறுநாள் செய்தியும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே வருகிறது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இறந்த பெண்கள் குறித்த கோட்டாட்சியர் விசாரணைகளில் பணி செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

உயிர் எதனால் போனது என்பதை உடற்கூறாய்வு மருத்துவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அதைச் செய்தது இறந்தவரா, வேறொருவரா என்பதற்கு உடல் மட்டும் போதாது. அறை உள்ளே தாழிட்டிருந்ததா, பொருட்கள் எப்படிக் கிடந்தன, கடைசி நாட்களில் யாரிடம் என்ன பேசினார் என்பதெல்லாம் சேர வேண்டும். ஆனால் சம்பவ இடத்தைப் பார்ப்பவர்கள் போலீசார். மருத்துவர் கைக்குப் பெரும்பாலும் வருவது உடலும், பிரேத விசாரணை அறிக்கையின் சில வரிகளும்தான். என் பெரிய வருத்தமே இதுதான். இந்த இடைவெளியில் கொலை தற்கொலையாக மூடப்படலாம். ஒரு பாவமும் அறியாத குடும்பம் ஆண்டுக்கணக்கில் கொலைப் பழி சுமக்கவும் நேரலாம்.

1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் மரண விசாரணை அதிகாரி தியோடர் கர்ஃபி ஆய்வக முடிவோடு நிற்கவில்லை. மனநல நிபுணர்களைக் கொண்டு, மன்றோவை அறிந்தவர்களிடம் விசாரிக்க வைத்தார். அத்தனைக்கும் பிறகு 'தற்கொலையாக இருக்கலாம்' என்றுதான் அறிவித்தார். உலகமே அவசரப்படுத்திய மரணத்தில் அந்த நிதானம் இருந்தது.

நம்மிடம் வசதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. விஷத்தைக் கண்டறியும் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் சென்னையில் 1849இலேயே தொடங்கிவிட்டது. இன்றும் விஷம் பற்றிய சந்தேகம் இருந்தால், விஸ்ரா முடிவு வரும்வரை மருத்துவர் இறுதிக் கருத்தை நிறுத்தி வைக்கிறார். அவரே காத்திருக்கும்போது தலைப்புச் செய்தி ஏன் முந்துகிறது?

சந்தேகத்துக்குரிய மரணங்களில் தடயவியல் மருத்துவரும் சம்பவ இடத்துக்குப் போக அரசு வழி செய்ய வேண்டும். நீங்கள் இறுதி அறிக்கை வரும்வரை 'சந்தேக மரணம்' என்றே எழுதுங்கள். இறந்த விதத்தை விவரிக்க வேண்டாம். தற்கொலைச் செய்திகளுக்கு இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இல் வழிகாட்டியதும் அதைத்தான். அப்புறம், இறுதி அறிக்கை வந்ததும் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
தஞ்சாவூர்