புகைக்கூண்டை இடிக்கும் முன் ஒருவராவது மேலே ஏறிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்கு முன் வீட்டில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். மாடியில் தண்ணீர் தேங்குவது, சுவர் வெடிப்பு, சாக்கடை அடைப்பு எல்லாம் இருந்தது, சமையலறைப் புகைக்கூண்டைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. சிம்னி என்றாலே இப்போது அடுப்புக்கு மேல் மாட்டுகிற மின்சாரப் பெட்டி என்றாகிவிட்டதால் விட்டுப்போயிருக்கலாம். ஆனால் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் செங்கல் கூண்டு இன்னும் நிற்கிறது, கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் விசேஷ நாள் சமையலுக்கும் அதன் அடியில் விறகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வீடும் அப்படித்தான். தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். போன ஐப்பசியில் அடுப்படிச் சுவரில் பழுப்பாகக் கறை இறங்கியது, கூடவே புகை மேலே போகாமல் உள்ளேயே திரும்பியது. இரண்டு மேஸ்திரிகள் வந்து வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, "இடிச்சிட்டு தகரக் குழாய் போட்டுடலாம்மா, நாற்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். இருவருமே ஏணி கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

மூன்றாவதாக வந்தவர் பள்ளிகொண்டா பக்கத்துக்காரர், வயதானவர். வந்ததும் ஏணியைத்தான் கேட்டார். மேலே போய் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், கூண்டு சாயவில்லை. பிறகு என்னையும் ஏறிவரச் சொன்னார். பத்து வருடத்துக்கு முன் வெடிப்பு தெரியாமல் இருக்க நாங்களே பூசவைத்த சிமெண்ட் பூச்சை உளியால் மெல்லத் தட்டினார், வெற்றுச் சத்தம் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கழன்றபோது செங்கல்லின் முகமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே செங்கல் ஈரமாகச் சிவந்து கிடந்தது, நடுச் சந்தில் விரலை வைத்தால் சாந்து மாவு மாதிரி உதிர்ந்தது. பழைய சூளைக் கல்லும் சுண்ணாம்பும் குடித்த தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்குமாம், மேலே சிமெண்டைப் போட்டு மூடினால் ஈரம் போக வழியில்லாமல் கல்லையே தின்றுவிடும் என்றார். அழகாக இருக்கட்டும் என்று பூசியதே வினையாகிப்போனதை நினைத்து அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

கெட்டுப்போனது ஓட்டுக்கு மேலே இருந்த மூன்றடி மட்டும்தான். அதற்கும் காரணம் உண்டு. விறகுப் புகையோடு நீராவியும் தாரும் சேர்ந்து போகின்றன, ஓட்டுக்கு மேல் உள்ள பகுதி வெளிக்காற்றில் ஆறிக் கிடப்பதால் அவை அங்கேதான் படிகின்றன, பச்சை விறகு என்றால் இன்னும் அதிகம். போதாததற்கு மழையும் அங்கேதான் அடிக்கிறது. உச்சியில் மூடியிருந்த கடப்பைக் கல் இரண்டாக உடைந்து ஒரு துண்டு குழிக்குள்ளேயே விழுந்து கிடந்தது, புகை திரும்பியது அதனால்தான்.

கீழ்ப்பகுதி எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. விழுந்த துண்டை எடுத்துவிட்டு, அடுப்பில் ஈர வைக்கோலைக் கொஞ்சமாகப் பற்றவைத்து, மேல் வாயை நனைத்த கோணியால் மூடச் சொன்னார். வீட்டில் இருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவர் நெடுகப் பார்த்தோம். பரண் வரைக்கும் எந்தச் சந்திலும் புகை கசியவில்லை. அப்புறம்தான் முடிவெடுத்தோம். மேல் மூன்றடியைப் பிரித்து, பழைய கல்லில் தேறியதைப் பொறுக்கி, சுண்ணாம்புச் சாந்திலேயே மறுபடி கட்டினார். ஓட்டுக்கும் கூண்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கையும் அடைத்தார், சுவரில் இறங்கிய தண்ணீரில் பாதி அந்த இடுக்கு வழியாகத்தான் வந்திருக்கிறது. சாரம், கூலி, கல், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ஆனது.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கூண்டையும் ஒட்டுப்போட்டு நிறுத்தலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆம்பூரில் என் பெரியம்மா வீட்டில் பரணுக்குள்ளேயே நெடுக்காக வெடித்து, பக்கத்தில் இருந்த மரக்கட்டை கரிபிடித்துப்போயிருந்தது. உள்ளே படிந்த தார் ஒருநாள் தீப்பிடித்தால் அந்தக் கட்டையில்தான் முதலில் ஏறும். அதை இடிக்கச் சொல்லி நானே பிடிவாதமாக நின்றேன். கூண்டு சாய்ந்திருந்தாலும், கல் உள்பக்கம் பிதுங்கியிருந்தாலும் பூச்சு வேலையில் காசைப் போடாதீர்கள். 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊறிப்போன செங்கல் பாரம் ஓட்டுக்கு மேல், பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கு நேரே நிற்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, மழைக்கு என்று கூண்டின் வாயைத் தகரத்தால் அடைத்துவிட்டு அடியில் விறகோ கரியோ மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்போது அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இனி விறகே எரிக்கப் போவதில்லை என்றால், ஓட்டுக்குக் கீழே வரை பிரித்துவிட்டு மேலே ஓடு வேய்ந்துவிடலாம், ஆனால் மிச்சக் குழிக்குக் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் விடுங்கள், இல்லாவிட்டால் சுவர் ஓதம் ஏறும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எங்களுக்கு வேலை செய்தவருக்கே எழுபது தாண்டிவிட்டது. அவர்களைத் தேடிப் போய்ப் பேசி, கூண்டை எப்படிப் பார்ப்பது, சாந்து எப்படிக் கலப்பது என்று படத்தோடு ஒரு பக்கம் போடுங்கள். ஆவணியிலேயே போட்டால் நல்லது. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், எங்கள் வீட்டில் ஈரக்கோணி போர்த்திப் பதினைந்து நாள் அடுப்பையே மூட்டவில்லை, ஐப்பசியில் ஆரம்பித்தால் அந்தப் பதினைந்து நாள் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம்