தன் கடைக்கே அனுப்பிய சரக்கு விற்பனை ஆகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜிஎஸ்டியில் ஒரு தொகை, வருமான வரியில் வேறு தொகை என்றால் உடனே விற்பனையை மறைத்துவிட்டார் என்று வணிகரைச் சந்தேகிக்கிறார்கள். கடலூரில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

எங்கள் ஊர் வியாபாரிகள் சிலருக்குப் பக்கத்தில் புதுச்சேரியிலும் கடை உண்டு. முதலாளி ஒருவர், பான் எண் ஒன்று. ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம், தனிப் பதிவு. தன்னுடைய கடைக்கே சரக்கு அனுப்பினாலும் பில் போட்டு வரி கட்டியாக வேண்டும். பழைய விற்பனை வரி நாளில், சரக்கு தன் கிளைக்கே போனது என்பதற்கு அத்தாட்சியான எஃப் படிவம் வாங்கி வைத்தால் வரியில்லாமல் போய்விடும். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையோடு அந்த வழி மூடிவிட்டது.

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். கடலூரில் வாடிக்கையாளருக்கு விற்றது 1.10 கோடி ரூபாய். புதுச்சேரியில் விற்றது 60 லட்சம். இங்கிருந்து அந்தக் கடைக்கு அனுப்பிய சரக்கு 55 லட்சம். உண்மையான விற்பனை 1.70 கோடிதான். ஆனால் இரண்டு பதிவுகளுக்கும் ஜிஎஸ்டியில் தாக்கல் செய்யும் 3பி என்ற சுருக்க ரிட்டர்ன்களைக் கூட்டினால் 2.25 கோடி வரும். ஒருவரைப் பற்றிய ஆண்டுத் தகவல்களை வருமான வரித் துறை தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையில் அவர் பெயரில் ஏறுவதும் அந்தத் தொகையே. ரொக்க வியாபாரம் அதிகமுள்ள கடை, விற்பனையில் குறிப்பிட்ட பங்கை லாபமாகக் காட்டித் தணிக்கை இல்லாமல் வரி கட்ட, 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு வைத்த விற்பனை வரம்பு 2 கோடி. ஆக, 55 லட்சத்தை மறைத்தவர், தணிக்கையும் செய்யாதவர் என்று இரண்டு பழி அவர் தலையில் விழுகிறது.

இன்னும் உண்டு. கடையின் பழைய ஜெனரேட்டரை விற்றால் ஜிஎஸ்டியில் அது விற்றுமுதலில் சேரும். வருமான வரியிலோ சொத்து மதிப்பில் கழிப்பார்கள், விற்பனையாகாது. மார்ச்சில் விட்டுப்போன பில்லை ஏப்ரல் 3பியில்தான் சேர்க்க முடியும், தாக்கல் செய்த ரிட்டர்னைத் திருத்த வழியில்லை. அதனால் இரண்டு ஆண்டுகளின் கணக்கும் முன்பின்னாகிவிடும்.

உண்மையிலேயே விற்பனையை மறைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். அப்போதும் விடுபட்ட விற்பனை முழுவதும் வருமானமாகிவிடாது, அதிலுள்ள லாபத்துக்கே வரி என்று பிரசிடென்ட் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரக்கு வாங்கிய காசு எங்கே போகும்? இதைத் தெரிந்தும் வித்தியாசத் தொகையை அப்படியே வருமானத்தில் சேர்ப்பது அநியாயம். அப்பீலுக்குப் போகச் சிறு வியாபாரிக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை.

இதற்குத் தீர்வு துறையின் கையிலேயே இருக்கிறது. 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் பான் எண். அனுப்பியவர், பெற்றவர் இருவரின் பான் எண்ணும் ஒன்றாக உள்ள பில்களைக் கணினியே கழித்துவிட்டு மீதியை ஏஐஎஸ்ஸில் காட்டலாமே! நோட்டீஸ் அனுப்பும் முன் அதிகாரிகள் இந்த ஒரு வேலையையாவது செய்ய வேண்டும்.

அதுவரை வியாபாரிகள் ஏஐஎஸ்ஸைத் திறந்து பார்த்து, தொகை தவறென்றால் அங்கேயே மறுப்பைப் பதிவு செய்யுங்கள். இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை பில் வாரியாக எழுதி, வருடக் கணக்கோடு சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
கடலூர்.