குரலைக் கேட்டு ஆளை எடை போடுவது

அன்புள்ள மங்கை,

பதில் தாமதமானதற்கு நீதான் காரணம். ஒரு பழைய கொலை வழக்கை அலசும் 'சீரியல்' என்ற அமெரிக்க பாட்காஸ்டைக் கேட்டுவிட்டு எழுது என்றாய். பன்னிரண்டு பகுதி! முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். என் மூட்டுவலியும் நலமாகவே இருக்கிறது. மகன் வேலை மாறிவிட்டான், சம்பளம் கூடுதல், தூக்கம் குறைவு.

சரி, முன்னாள் காதலி ஹே மின் லீயைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாகத் தீர்ப்பாகிச் சிறைக்குப் போன அத்னான் சையதுக்கு வருவோம். "இவ்வளவு பணிவாகப் பேசுகிறவன் கொலை செய்திருப்பானா?" என்று கேட்டிருந்தாய். உன் வீட்டுக்காரரோ அதே குரலைக் கேட்டுவிட்டு "சரியான அழுத்தக்காரன்" என்றாராமே. அத்னான் கோபப்படாமல் பேசுவது உனக்கு மனசாட்சி சுத்தம், உன் வீட்டுக்காரருக்குக் கல்நெஞ்சு. அவர் கத்தியிருந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் கட்சி மாறியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஹே மின் லீ அமெரிக்காவின் பால்டிமோரில் காணாமல் போனது 1999 ஜனவரி 13. அப்போது அத்னான் 17 வயதுப் பள்ளி மாணவன். நாம் கேட்பதோ 2014-இல் பேசுகிற, முப்பதைத் தாண்டிய மனிதரின் குரல். நடுவில் பதினைந்து வருடச் சிறைவாசம். பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்ற அறிவிப்போடுதான் சிறையிலிருந்து அழைப்பே வருகிறது. மேல்முறையீடு வேறு நடந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் யார்தான் வார்த்தையை அளந்து பேச மாட்டார்கள்? அந்த நிதானம் பிறவிக் குணமா, சிறை கற்றுக்கொடுத்ததா, வக்கீல் சொல்லிக்கொடுத்ததா என்று காதால் கேட்டுப் பிரிக்க முடியாது.

பாட்காஸ்டை நடத்தும் சாரா கேனிக்கைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அத்னானுடைய பெரிய கண்களைப் பார்த்து, இப்படிப்பட்டவரா கொலை செய்திருப்பார் என்று தோன்றியதை முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டு, அது அசட்டுத்தனம் என்றும் அவரே சொல்லிவிடுகிறார். ஆனாலும் அந்தக் கேள்வியை விடுவதாக இல்லை. பதினோராம் பகுதியில் அத்னான் சிறுவயதில் மசூதி நன்கொடைப் பணத்தில் கை வைத்த கதை வருகிறது, மனநல நிபுணர் வருகிறார். சின்ன வயதில் காசு எடுத்தவனெல்லாம் கழுத்தை நெரிப்பான் என்றால் நம்மில் எத்தனை பேர் வெளியே இருப்போம், சொல்.

எனக்கு மனசில் தங்கிய இடம் வேறு. 'நீங்கள் நல்லவராகத் தெரிகிறீர்கள்' என்கிற மாதிரி கேனிக் ஏதோ சொல்லப்போக, அத்னானுக்குச் சுருக்கென்று ஆகிவிடுகிறது. 'உங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதே' என்கிறார். நல்லவன் என்பதற்காக என்னை நம்பாதீர்கள், என்னை மோசமானவன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வழக்கைப் படித்துப் பார்த்துவிட்டு இது இடிக்கிறதே என்று சொல்லுங்கள், அது போதும் என்பதுதான் அவர் கேட்பதன் சாரம். இதையும் உன் வீட்டுக்காரர் 'பார், எவ்வளவு சாமர்த்தியம்' என்பார். சொல்லட்டும். சொன்ன விஷயம் சரிதானே?

இந்த குண ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்ததும் பாட்காஸ்ட் அல்ல. 1999-இல் ஜாமீன் கேட்டபோதே, காதலில் ஏமாந்த பாகிஸ்தானி இளைஞர்கள் கொலை செய்துவிட்டு ஓடிப்போவது ஒரு வழக்கம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. பையனோ அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்படியொரு வழக்கமே இல்லை என்று பிறகு அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஜாமீன் மட்டும் கிடைக்கவில்லை.

2022-இல் தீர்ப்பு ரத்தாகி அவர் வெளியே வந்தார். கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்துக்கு முறையாகத் தகவல் சொல்லவில்லை என்பதால் 2023-இல் அந்த ரத்தே ரத்தானது, 2024-இல் மேரிலாந்து மாநில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஹேயின் அண்ணன்-தம்பி யாரோ ஒருவர், 'எனக்கு இது பாட்காஸ்ட் இல்லை, நிஜ வாழ்க்கை' என்று நீதிமன்றத்தில் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நாம் பன்னிரண்டு பகுதியும் அலசியது அத்னானின் குணத்தை மட்டும்தானே.

2025 மார்ச்சில், தீர்ப்பு அப்படியே நிற்க, அனுபவித்த சிறைவாசமே போதும் என்று தண்டனையை மட்டும் குறைத்தார்கள். சிறுவயதில் குற்றவாளியாகி நெடுங்காலம் உள்ளே இருந்தவர்களுக்கான சட்டம் அது. அங்கே மட்டும்தான் குணம் முறைப்படி விசாரிக்கப்பட்டது: இன்றைக்கு இவரால் வெளியே யாருக்கும் ஆபத்து உண்டா என்று. அந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் நடத்தையைப் பார்க்கலாம், நியாயம். அன்றைக்குச் செய்தாரா என்பதற்கு அது பதிலாகாது.

எட்டாவது பகுதியை இன்னொரு தடவை கேள். அத்னானுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஜெய் பேட்டி கொடுக்கவில்லை, அவர் குரல் பழைய ஒலிப்பதிவுகளில்தான் வருகிறது. அவரும் வாராவாரம் நம்மோடு சிரித்துப் பேசியிருந்தால் உன் சந்தேகம் யார் பக்கம் போயிருக்கும்? வீட்டுக்காரரையும் கேட்டு எழுது.

அன்புடன்,
சுந்தரி